கையடக்க நின்டெண்டோ 64: வெளிக் கன்ட்ரோலருக்கு சாக்கெட் வைக்கும் முறை

நின்டெண்டோ 64 மதர்போர்டை எடுத்து, ஸ்கிரீனும் பேட்டரியும் கோத்து, கையில் பிடித்து ஆடும் கன்சோலாக மாற்றும்போது வெளிக் கன்ட்ரோலர் சாக்கெட்டைப் பலர் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். மூன்றே வயர்தானே, பெட்டியை மூடுவதற்கு முன் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்ற நினைப்பு. வயர் மூன்றுதான். ஆனால் கன்சோல் முழுவதிலும் வெளியாள் கை வைக்கும் இடம் அதுதான். ஆட்டம் நடுவில் பிடுங்குவார்கள், கோணலாகச் செருகுவார்கள், வேறு ஏதாவது பிளக்கைக்கூடத் திணித்துப் பார்ப்பார்கள். உள்ளே எவ்வளவு நேர்த்தியாக வேலை செய்திருந்தாலும் இந்த ஒரு இடம் சொதப்பினால் கன்சோல் ரீசெட் ஆகும், அல்லது பட்டன்கள் பேய் பிடித்ததுபோல் நடந்துகொள்ளும்.

1996-இல் வந்த இந்தக் கன்சோலின் தனிச்சிறப்பே முன்பக்கத்தில் வரிசையாக இருந்த நான்கு சாக்கெட்தான். ஒருவர் மட்டும் ஆடும்படி அதைச் சுருக்குவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். பெட்டியில் ஒரே ஒரு வெளிச் சாக்கெட்டுக்கு இடம் கிடைத்தாலும் அதை வைத்துவிடுங்கள்.

முதலில் அந்த மூன்று வயர். சாக்கெட்டில் நடுவில் இருப்பது டேட்டா. ஒரு ஓரம் கிரவுண்ட், இன்னொரு ஓரம் 3.3 வோல்ட். கேள்வியும் பதிலும் ஒரே டேட்டா வயரில்தான் போய்வருகின்றன. யாரும் பேசாதபோது ஒரு புல்-அப் ரெசிஸ்டர் அதை 3.3 வோல்ட்டில் தூக்கி வைத்திருக்கும். பேசுபவர் வயரைக் கிரவுண்டுக்கு இழுப்பார், விட்டால் அது தானாக மேலே ஏறும். மேலே தள்ளும் வேலையை இரு தரப்புமே செய்வதில்லை. ஒரு பிட்டுக்கு 4 மைக்ரோ நொடி. 3 மைக்ரோ நொடி கீழே, 1 மேலே என்றால் அது பூஜ்யம். 1 கீழே, 3 மேலே என்றால் ஒன்று. கன்சோல் 8 பிட்டில் கேட்கும், கடைசியில் ஒரு நிறுத்தப் பிட் அனுப்பும். கன்ட்ரோலர் 32 பிட்டில் பதில் சொல்லும்: பட்டன்களுக்கு 16, கட்டைவிரலால் அசைக்கும் குச்சியின் இடம்-வலத்துக்கு 8, மேல்-கீழுக்கு 8. அதற்கும் ஒரு நிறுத்தப் பிட் உண்டு. மொத்தமும் 0.2 மில்லி நொடிக்குள் முடிந்துவிடும். இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பழுது பார்க்கும்போது இவைதான் கை கொடுக்கும்.

வயரை எங்கிருந்து எடுப்பது? சாக்கெட்டின் கால்கள் மதர்போர்டைச் சேரும் இடத்திலிருந்து எடுங்கள். டேட்டா வரிகள் போய்ச் சேரும் பிஃப் சிப்பின் காலில் நேரடியாக சால்டர் செய்யாதீர்கள். கால்கள் மிக நெருக்கமானவை என்பது ஒரு காரணம். வழியில் இருக்கும் வடிகட்டிப் பாகங்களை அப்படியே தாண்டிப் போய்விடுகிறோம் என்பது அதைவிட முக்கியமான காரணம். வெளியிலிருந்து வரும் அதிர்ச்சி நேராகச் சிப்பில்தான் இறங்கும்.

எது 3.3 வோல்ட், எது கிரவுண்ட் என்பதற்குக் கேபிளின் நிறத்தை நம்பவே வேண்டாம். எக்ஸ்டென்ஷன் கேபிள் செய்பவர்கள் கையில் கிடைத்த நிறத்தைப் போடுகிறார்கள். மல்டிமீட்டரில் பார்த்தாலும் ஒரு குழப்பம் வரும். கன்சோலை ஆன் செய்து அளந்தால் மின்சாரக் காலும் டேட்டா காலும் ஏறக்குறைய ஒரே 3.3 வோல்ட்தான் காட்டும். 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போதும், இரண்டையும் பிரித்துவிடலாம். சாக்கெட்டில் கன்ட்ரோலர் எதுவும் இல்லாமல், சந்தேகப்படும் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ரெசிஸ்டரைப் பிடித்து மறுபடி அளங்கள். மின்சாரக் கால் அசையாது, 3.3-இலேயே நிற்கும். டேட்டா கால் சட்டென்று சரியும், ஏனென்றால் அதைத் தூக்கிப் பிடித்திருப்பது வெறும் புல்-அப்தான். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஓரக் கால்கள் இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால், நல்ல கன்ட்ரோலர் ஒன்று தலைகீழ் மின்சாரம் வாங்கிச் சாகும்.

இனி சிக்கலான பகுதி. நான்கு சாக்கெட்டுக்கும் தனித்தனி டேட்டா வரி உண்டு. உள்ளே பொருத்திய கன்ட்ரோலர் ஏற்கெனவே முதல் டேட்டா வரியில் இருக்கிறது. கன்சோலை டிவியில் மாட்டி, சோபாவில் உட்கார்ந்து முழு அளவுக் கன்ட்ரோலரில் தனியாக ஆட ஆசை. பல கேம்கள் தனி ஆட்டத்துக்கு முதல் கன்ட்ரோலரைத்தான் பார்க்கும். உடனே தோன்றுவது, வெளிச் சாக்கெட்டையும் முதல் வரியிலேயே இணையாகக் கொடுத்துவிடலாம் என்பது. கொடுக்கக் கூடாது.

கன்சோல் கேட்டதும் இரண்டு கன்ட்ரோலர்களும் ஒரே நேரத்தில் பதில் சொல்லத் தொடங்கும். வயரை யார் கீழே இழுத்தாலும் அது கீழேதான் இருக்கும். ஒருவர் ஒன்று சொல்ல (1 மைக்ரோ நொடி கீழே), மற்றவர் பூஜ்யம் சொன்னால் (3 மைக்ரோ நொடி கீழே), கன்சோலுக்குக் கேட்பது பூஜ்யம். பட்டனை அழுத்தினால் ஒன்று, அழுத்தாவிட்டால் பூஜ்யம். ஆக, நீங்கள் அழுத்தும் பட்டனை, யாரும் தொடாமல் கிடக்கும் மற்றொரு கன்ட்ரோலர் அழித்துக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, இரண்டும் தத்தம் கடிகாரத்தில் ஓடுகின்றன. 32 பிட் என்பது 128 மைக்ரோ நொடி. கடிகாரங்களுக்குள் 2 சதவீதம் வித்தியாசம் இருந்தாலே முடிவில் 2.5 மைக்ரோ நொடி விலகிவிடும், அதாவது பாதிப் பிட்டுக்கு மேல். குச்சியின் பிட்கள் கடைசியில் வருவதால் அடி முதலில் அங்கேதான் விழும்: கேமில் வரும் பாத்திரம் தானாக ஒரு பக்கம் நடக்கும், துள்ளும்.

இதில் ஏமாற்றுவது என்னவென்றால், சும்மா வைத்திருந்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். இருவரும் பூஜ்யமே சொல்லிக்கொண்டிருப்பதால் கேம் கன்ட்ரோலரை ஏற்றுக்கொள்ளும், மெனு வரும். ஸ்டார்ட்டை அழுத்தினால் மட்டும் ஒன்றும் நடக்காது. இந்த அறிகுறியைப் பார்த்துப் பலர் பட்டன் ரப்பரைச் சுரண்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். கோளாறு ரப்பரில் இல்லை, ஒரே வயரில் இரண்டு பேர் பேசுகிறார்கள்.

தீர்வு ஆறு கால் ஸ்லைடு ஸ்விட்ச் ஒன்று, கடையில் டிபிடிடி என்று கேட்டால் தருவார்கள். நடுக் கால்கள் இரண்டில், ஒன்றுக்கு உள்கன்ட்ரோலரின் டேட்டா, மற்றொன்றுக்கு வெளிச் சாக்கெட்டின் டேட்டா. மேல் வரிசையின் இடது காலுக்குக் கன்சோலின் முதல் வரி, வலது காலுக்கு இரண்டாம் வரி. கீழ் வரிசையில் இதையே குறுக்காக மாற்றுங்கள்: இடதில் இரண்டாம் வரி, வலதில் முதல் வரி. ஸ்விட்ச் ஒரு பக்கம் இருந்தால் உள்ளே இருப்பவர் முதல் ஆட்டக்காரர், வெளியே இருப்பவர் இரண்டாமவர். தள்ளிவிட்டால் இடம் மாறிக்கொள்வார்கள். எந்த நிலையிலும் ஒரு வரியில் ஒருவர்தான். 3.3 வோல்ட்டையும் கிரவுண்டையும் ஸ்விட்ச் வழியாகக் கொண்டுபோகத் தேவையில்லை, இரண்டு கன்ட்ரோலருக்கும் எப்போதும் மின்சாரம் இருக்கட்டும். மூன்றாவது, நான்காவது சாக்கெட் வைத்தால் அவை ஸ்விட்ச் பக்கமே வராமல் நேராகப் போகலாம். பயன்படுத்தாத வரிகளை அப்படியே விட்டுவிடுங்கள்.

பிளக்கைச் செருகியதும் தானாகப் பிரியும் தொடுமுனை உள்ள ஜாக்கை வைத்து இந்த ஸ்விட்ச்சைத் தவிர்க்கிறவர்களும் உண்டு. நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த மலிவான தொடுமுனையில் கறை பிடித்தால் வேலை செய்யாமல் போவது உள்கன்ட்ரோலர். தினமும் பயன்படும் பாகத்தை, பெட்டியிலேயே பலவீனமான தொடுமுனையிடம் ஒப்படைக்க வேண்டாம்.

ஸ்விட்ச்சைக் கேம் ஓடும்போது தள்ளினால் ஒரு கணம் கன்ட்ரோலர் இல்லாததுபோல் தெரியும். பல கேம்கள் தொடக்கத்தில் மட்டுமே எந்தெந்தச் சாக்கெட்டில் ஆள் இருக்கிறார் என்று பார்க்கின்றன. ஆகவே கன்சோலை ஆன் செய்யும் முன்பே தள்ளிவிடுவது நல்லது. இன்னொன்று: மின்சாரம் வந்த அந்தக் கணத்தில் குச்சி எங்கே இருக்கிறதோ, அதையே நடு என்று கன்ட்ரோலர் எடுத்துக்கொள்ளும். ஓடும் கன்சோலில் பிளக்கைச் செருகும்போது குச்சியில் விரல் பட்டிருந்தால் பாத்திரம் நிற்காமல் ஒரு பக்கம் ஓடும். எல், ஆர், ஸ்டார்ட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சரியாகிவிடும். இது வயர் கோளாறு இல்லை, பிரித்துப் பார்க்க வேண்டாம்.

எந்த சாக்கெட்டை வைப்பது என்பதில் என் முதல் தேர்வு அசல் சாக்கெட்டே. எக்ஸ்டென்ஷன் கேபிளின் பெண் முனையை வெட்டி எடுத்தால் போதும், பழைய கன்சோலின் முன்பகுதியை அறுக்க வேண்டாம். அது அடைக்கும் இடம் அதிகம்தான், ஆனால் எவருடைய கன்ட்ரோலரையும் இடையில் வேறு கேபிள் இல்லாமல் மாட்டலாம். இடமே இல்லை என்றால் நான்கு கால் மினி டின் வைத்து, தனியாக ஒரு மாற்றுக் கேபிள் செய்துகொள்ளுங்கள். மினி டின் கோணலாகப் போகாது, கால்கள் ஒன்றோடொன்று உரசாது.

3.5 மி.மீ. ஆடியோ ஜாக் சிறியது, எங்கும் கிடைக்கும், அதனால் கை அதற்குத்தான் போகும். வைத்தே ஆக வேண்டுமென்றால் வரிசையைச் சரியாக அமைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிளக் உள்ளே போகும்போது அதன் நுனி, ஜாக்கின் அடித் தொடுமுனை, வளையத் தொடுமுனை இரண்டையும் உரசிக்கொண்டுதான் கடைசி இடத்துக்குப் போகும். வளையத்தில் 3.3 வோல்ட்டும் நுனியில் டேட்டாவும் வைத்தால் பாதி வழியில் நடப்பது இது: கன்ட்ரோலரின் டேட்டா கால் 3.3 வோல்ட்டைத் தொடும், அதே நொடியில் அதன் மின்சாரக் கால் கிரவுண்டைத் தொடும். சிப்பின் உள்ளே இருக்கும் பாதுகாப்பு டயோடு வழியாக மொத்த மின்னோட்டமும் பாயும். எனவே நுனியில் 3.3 வோல்ட், வளையத்தில் டேட்டா, அடியில் கிரவுண்ட். இந்த வரிசையில் பிளக் முழுவதும் இறங்கிய பிறகுதான் 3.3 வோல்ட் எதையும் தொடும். வழியில் உரசல் நேர்ந்தாலும் புல்-அப் விடும் சில மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடாது. ஹெட்போன் ஜாக்குக்குப் பக்கத்தில் மட்டும் இதை வைக்காதீர்கள். 32 ஓம் ஹெட்போனைத் தவறிச் செருகினால் 100 மில்லி ஆம்பியர் நேர் மின்சாரம் ஒரு காதுப் பக்கச் சுருள் வழியே நிற்காமல் ஓடும்.

யுஎஸ்பி சாக்கெட் கூடவே கூடாது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். என்றாவது ஒருநாள் யாராவது அதில் சார்ஜரைக் கொடுப்பார்கள். 5 வோல்ட், சாக்கெட்டின் வழியே மதர்போர்டின் 3.3 வோல்ட் வரிக்குள் நுழையும். பிராசசரும் மெமரியும் தின்பது அதே வரியைத்தான்.

அந்த வரியைப் பிராசசரும் பகிர்ந்துகொள்வதாலேயே மின்சார வயரில் பாலிஃபியூஸ் (மின்னோட்டம் மீறினால் அடைத்து, பிறகு தானாக மீளும் ஃபியூஸ்) ஒன்று அவசியம். சாதாரணக் கன்ட்ரோலர் எடுப்பது மிகக் குறைவு. ஆனால் பின்னால் செருகும் துணைப் பாகங்களும் இதே 3.3 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. கன்ட்ரோலரை அதிர வைக்கும் நின்டெண்டோவின் சொந்த ரம்பிள் பேக் இரண்டு ஏஏஏ பேட்டரியில் ஓடும், அதனால் கவலையில்லை. பேட்டரி இல்லாமல் சாக்கெட்டிலிருந்தே மோட்டாரை ஓட்டும் பேக்குகள்தான் இழுக்கும். 500 மில்லி ஆம்பியர் தாங்கும் பாலிஃபியூஸ் சரியான அளவு. 100 அல்லது 200 மில்லி ஆம்பியர் வகைகளின் உள்தடை ஓரிரு ஓமைத் தொடும், 3.3 வோல்ட்டில் அந்த இழப்பே அதிகம். ஃபியூஸுக்குப் பிறகு, சாக்கெட்டின் காலிலேயே, 100 நானோ ஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்றும் 10 மைக்ரோ ஃபாரட் ஒன்றும் கிரவுண்டுக்கு வையுங்கள். இன்னும் பெரிதாக 470 மைக்ரோ ஃபாரட் போட்டால் நல்லது என்று நினைத்து, அதைக் கேபிளின் மறுமுனையில் உள்ள மாற்றுப் பெட்டிக்குள் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். செருகிய நொடியில் அந்தக் காலிக் கெபாசிட்டர் வரியையே கீழே இழுக்கும், கன்சோல் ரீசெட் ஆகும்.

டேட்டா வயரில் 47 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போடலாம். விரலிலிருந்து பாயும் நிலைமின்னுக்கு, சாக்கெட் பக்கத்தில் கொள்ளளவு குறைந்த பாதுகாப்பு டயோடு ஒன்று. கொள்ளளவை ஏன் பார்க்க வேண்டும் என்றால், வயரைக் கீழே இழுப்பது வேகமாக நடக்கும், மேலே ஏறுவதோ புல்-அப்பை நம்பி. கேபிளும் டயோடும் சேர்ந்து 200 பிகோ ஃபாரட் என்று வையுங்கள். புல்-அப் 1 கிலோ ஓம் என்றால் ஏற்றத்தின் நேரமாறிலி 0.2 மைக்ரோ நொடி, பிரச்சினை இல்லை. 10 கிலோ ஓம் என்றால் அது 2 மைக்ரோ நொடி. பிட்டின் நடுவில், 2 மைக்ரோ நொடியில், கன்சோல் எட்டிப் பார்க்கும்போது வயர் இன்னும் பாதி ஏற்றத்தில் இருக்கும், ஒன்று பூஜ்யமாகப் படிக்கப்படும். மதர்போர்டில் வேலை செய்யும்போது அசல் புல்-அப் பெயர்ந்துபோய், கையில் இருந்த 10 கிலோ ஓமைப் போட்டுவிட்டு, குட்டைக் கேபிளில் ஓடுகிறது, நீளக் கேபிளில் ஓடவில்லை என்று திணறுவது இதனால்தான்.

வயரின் தடிமனைப் பற்றித் தேவையில்லாமல் கவலைப்படுகிறார்கள். 30 கேஜ் வயரின் தடை மீட்டருக்கு 0.34 ஓம். பெட்டிக்குள் ஓடும் 15 செ.மீ. நீளத்துக்கு 0.05 ஓம்தான். வோல்ட் குறைவது இதனால் அல்ல. ஒற்றைக் கம்பி 30 கேஜ் வயர் வளைந்து வளைந்து சால்டர் ஓரத்தில் ஒடியும் என்பதுதான் உண்மையான குறை. பெட்டியைத் திறந்தால் அசையும் இடங்களில் பல இழை 28 கேஜ் போடுங்கள்.

கிரவுண்டைத்தான் கவனிக்க வேண்டும். சாக்கெட்டின் கிரவுண்டை மதர்போர்டில், கன்ட்ரோலர் சாக்கெட்டின் பழைய கிரவுண்ட் புள்ளியிலேயே சேருங்கள். பக்கத்தில் இருக்கிறதே என்று பேட்டரியின் மைனஸிலோ ஆம்ப்ளிஃபயர் கிரவுண்டிலோ சேர்த்தால், பேட்டரிக்குத் திரும்பும் 2 ஆம்பியர் அந்த வயர்த் துண்டில் 0.05 ஓம் தடையைச் சந்தித்தாலும் 0.1 வோல்ட் ஏறும். ஸ்கிரீன் வெளிச்சம் மாறும்போதும் சத்தம் கூடும்போதும் அந்த அளவு ஆடும். டேட்டா வயரை ஸ்விட்சிங் ரெகுலேட்டரின் கம்பிச்சுருளுக்கு மேலே ஓட்டாதீர்கள். கிரவுண்ட் வயரோடு முறுக்கி, பெட்டியின் ஓரமாகக் கொண்டுபோங்கள்.

பொருத்துவதில் ஒன்றே ஒன்று: இழுவிசை சால்டருக்கு வரக் கூடாது. ஹாட் க்ளூ மட்டும் ஒட்டினால் கோடை வெயிலில் காரில் கிடந்த அன்று சாக்கெட் உள்ளே போய்விடும். பெட்டியின் உட்புறம் சாக்கெட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றை எபாக்சியால் ஒட்டி, பிளக்கைத் தள்ளும் விசை அதில் விழும்படி செய்யுங்கள். சாக்கெட்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் மூன்று கால் ஜேஎஸ்டி கனெக்டர் போட்டால் பெட்டியின் இரு பாதிகளையும் வயர் அறுக்காமல் பிரிக்கலாம்.

மூடும் முன் சோதனை. மின்சாரம் இல்லாமல், 3.3 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஷார்ட் இல்லை என்று பாருங்கள். ஸ்விட்ச்சின் இரு நிலைகளிலும் முதல் வரியும் இரண்டாம் வரியும் ஒன்றையொன்று தொடவில்லை என்று பாருங்கள். பிறகு ஆன் செய்து, வெளிக் கன்ட்ரோலரை மாட்டிய நிலையில் சாக்கெட்டின் காலிலேயே அளங்கள். 3.2 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் ஃபியூஸையும் சால்டரையும் சந்தேகப்படுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால் வயரின் ஏற்ற இறக்கங்களைப் பதிவு செய்யும் மலிவான 24 மெகா ஹெர்ட்ஸ் லாஜிக் அனலைசர் ஒன்றை டேட்டா வயரில் மாட்டி, கீழே இறங்கும் துடிப்புகளை எண்ணுங்கள். கேம் ஓடும்போது 9 துடிப்பு, சிறு இடைவெளி, பிறகு 33 துடிப்பு என்று வந்தால் கேள்வியும் பதிலும் ஒழுங்காக நடக்கிறது. கன்ட்ரோலர் இருக்கிறதா என்று கன்சோல் விசாரிக்கும் நேரத்தில் 9-க்குப் பிறகு 25 வரும், அதுவும் சரியே. 9 மட்டும் வந்து பதில் இல்லையென்றால் கன்ட்ரோலருக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது கன்ட்ரோலருக்குப் போகும் டேட்டா அறுந்திருக்கிறது. அந்த 9-ஐயே காணோம் என்றால் மதர்போர்டிலிருந்து வரும் வயரையோ ஸ்விட்ச்சையோ பாருங்கள். பதிலில் சில துடிப்புகள் 3 மைக்ரோ நொடிக்கும் மேல் நீண்டு, இரண்டு துடிப்பு ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தால், எங்கோ இரண்டு கன்ட்ரோலர்கள் ஒரே வரியில் இருக்கின்றன.

கேம்கியூப் மதர்போர்டில் வேலை செய்கிறவர்களுக்கு: டேட்டா பேசும் முறை இதே குடும்பம்தான், ஸ்விட்ச்சும் இப்படியே. ஆனால் அந்தச் சாக்கெட்டில் 3.3 வோல்ட்டை ஒட்டிய வரி தவிர அதிர்வு மோட்டாருக்கென்று 5 வோல்ட் தனியாக வேண்டும். அதை விட்டுவிட்டால் எல்லா பட்டனும் ஓடும், அதிர்வு மட்டும் வராது. சூப்பர் நின்டெண்டோவோ முற்றிலும் வேறு. 5 வோல்ட், கிளாக், லாட்ச், டேட்டா, கிரவுண்ட் என ஐந்து வயர். அங்கே கன்ட்ரோலர் டேட்டாவை மேலேயும் தள்ளும், கீழேயும் இழுக்கும். இரண்டை நேராக இணைத்தால் ஒன்று தள்ள மற்றொன்று இழுத்து மோதிக்கொள்ளும். ஆனால் அழுத்தினால் கீழே என்பதால் அங்கே ஒரு வசதி உண்டு. கிளாக்கையும் லாட்ச்சையும் பொதுவாகக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு கன்ட்ரோலரின் டேட்டாவிலும் ஒரு ஷாட்கி டயோடு, கோடு போட்ட முனை கன்ட்ரோலர் பக்கம் இருக்கும்படி வைத்து, மறுமுனைகளைக் கன்சோலின் டேட்டாவில் சேருங்கள். அங்கே 5 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம் புல்-அப் ஒன்று இருக்கட்டும். எந்தக் கன்ட்ரோலரில் அழுத்தினாலும் ஓடும், ஸ்விட்ச்சே வேண்டாம். சாதாரண 4148 டயோடு 0.7 வோல்ட்டைத் தின்றுவிடும், கீழ் நிலை போதுமான அளவு கீழே இறங்காமல் போகலாம். ஷாட்கிதான் போட வேண்டும்.